ரொட்டி மாவு புளிக்கட்டும், ராயபுரம் பார்க்கலாம்!

சென்னை:

கடையில் 'புசுபுசு' என்று பெருத்து நிற்கிறதே பிரெட், அதற்குள் என்ன இருக்கிறது?

2016ல் டில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்துப் பார்த்தது. பிரெட், பன் என்று 38 சரக்குகளை எடுத்தார்கள். 100க்கு 84 வீதம் அதில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. பகீர் என்றது!

புரோமேட் என்பது மாவை இறுக்கி, சீக்கிரம் உப்ப வைக்கிற ரசாயனம். எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததைப் பார்த்து, மனிதனுக்கும் வரலாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1999லேயே எச்சரித்தது. நம் நாட்டில் 2016 ஜூனில்தான் தடை வந்தது.

எல்லாம் அவசரத்தால் வந்த வினை.

இட்லி மாவு சங்கதிதான்!

ஈஸ்ட் பொட்டலமும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம் என்று ஒரு பழைய முறை இருக்கிறது. மேல்நாட்டில் 'சவர்டோ' என்பார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் ஊர் ஊருக்கு இதே பைத்தியமாகத் திரிந்தார்கள்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம்ம வீட்டு இட்லி மாவு புளிக்கிற அதே சங்கதிதான். மோருக்கு உறை ஊற்றுகிற மாதிரி இதற்கு ஒரு உறை மாவு.

50 கிராம் கோதுமை மாவு, 50 மில்லி தண்ணீர். கலந்து பாட்டிலில் வைத்து, மூடியை லேசாக விடணும். தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும். ஒரு வாரத்தில் நுரைத்து ஏறும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். மிதந்தால் தயார்!

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை ரொட்டிக்கு உறை எது தெரியுமா? கள்! ஆப்பத்துக்கு ஊற்றுவார்களே, அதேதான். 1987லிருந்து கள்ளுக்குத் தடை. ஆகவே பாட்டில்தான் கதி.

காலை 6 மணி

400 கிராம் மாவு, 280 மில்லி தண்ணீர், 80 கிராம் உறை மாவு, 8 கிராம் உப்பு. பிசைந்து, அரை மணிக்கு ஒரு தடவை வீதம் மூன்று தடவை மடித்துவிடணும். மைதா வாங்கினால் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் மூன்று மணி நேரம் வேலையே இல்லை. அதற்குள் ராயபுரத்தை நடந்தே பார்த்துவிடலாம்.

எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் ராயபுரம் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது! பம்பாயில் 1853லேயே ரயில் ஓடியது. ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. நாட்டில் மிச்சமிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மூத்தது இதுவே. பாழடைந்து கிடந்ததை 2005ல் செப்பனிட்டார்கள். அந்தப் பெரிய தூண்களைப் பார்க்கவே ஒரு தடவை இறங்கலாம்.

அடுத்து ராயப்பர் கோயில். துறைமுகம் வருமுன் கப்பலுக்கும் கரைக்கும் உயிரைப் பணயம் வைத்துப் படகு ஓட்டியவர்களின் கோயில் இது. ராயப்பர் என்றால் புனித பீட்டர். ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்ததுதான்.

கொஞ்சம் தள்ளிப் பார்சிகளின் அக்கினிக் கோயில். 1910ல் கட்டியது. தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. வாசலோடு சரி.

கஞ்சித் தொட்டி

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். காரணம் சோறுதான். 1782 பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்த ஏழைகளுக்கு இங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி.

இதற்குமேல் நிற்கக் கூடாது. வீட்டில் மாவு காத்திருக்கிறது! கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் தாமதித்தால் மாவு புளித்துத் தளர்ந்து, சட்டியில் ஒழுகும். அப்புறம் தோசை சுட வேண்டியதுதான்.

மாவு ஒன்றரை மடங்கு ஏறியிருந்தால் உருட்டி, அரை மணி விட்டு, மேலே பிளேடால் ஒரு கீறல். அவனில் 230 டிகிரியில் காய்ந்த கனமான இரும்புச் சட்டியில் போட்டு மூடி 20 நிமிடம், மூடியை எடுத்து இன்னொரு 20 நிமிடம். தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்கணும்.

வாசனைக்குப் பிள்ளைகள் கத்தியோடு வந்து நிற்கும். விடாதீர்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு மணி நேரம் ஆறணும்.