திருமலையின் கண்ணாடி அடுப்பு

சித்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, வெயிலைப் பயன்படுத்துவது பற்றியெல்லாம் அரசாங்கங்கள் பேசுகின்றனவே, நம்மூர் மாநகராட்சியால் இதில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார். செய்ய முடியும். அதற்கு முன், அவர் ஊரிலிருந்து வெகு தொலைவில்லாத திருமலையில் நிறுவப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2002-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னதானச் சமையலுக்காக வெயிலில் நீராவி தயாரிக்கும் அமைப்பு ஒன்றை வைத்தது. கண்ணாடித் துண்டுகள் பதித்த 106 பெரிய தட்டுகள். நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி, 15,000 பேருக்குச் சாப்பாடு, ஆண்டுக்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சம் என்பது திட்டக் கணக்கு. செலவு ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய். ஏற்கெனவே இருந்த டீசல் பாய்லரை அகற்றவில்லை. இரண்டின் நீராவியும் ஒரே குழாயில் சேரும்படி இணைத்துவிட்டார்கள்; மேகம் மூடினாலும் பந்தி நிற்காது.

எனக்குப் பிடித்தது அந்தத் தட்டுதான். என் அம்மா மாடியில் வடகம் காயவைத்தால், நிழல் நகர நகரத் தட்டையும் இழுத்து வைத்துக்கொண்டே இருப்பார். பழைய சூரிய அடுப்புகளிலும் இதே பாடுதான்: கண்ணாடி சூரியனைப் பார்த்துத் திரும்பும்போது பாத்திரமும் கூடவே நகர வேண்டும், சமைப்பவரும் வெயிலில் நிற்க வேண்டும். திருமலையில் வைத்த வகைத் தட்டை உருவாக்கிய வோல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் இதற்கு வழி கண்டார். அவருடைய முதல் தட்டு 1986-இல் வட கென்யாவில் ஒரு கிறிஸ்தவ மிஷன் வளாகத்தில் உருவானது. அதில் கண்ணாடி மட்டும் திரும்பும். ஒளி குவியும் புள்ளி காலை முதல் மாலை வரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எப்படி? தட்டு சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கிறார்கள். எவ்வளவு சாய்வு என்பதை ஊரின் அட்சரேகை சொல்லிவிடும். திருமலைக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்றே முக்கால் டிகிரி. அந்த அச்சில் தட்டு மணிக்கு 15 டிகிரி வீதம் திரும்பினால் பூமியின் சுழற்சி சரிக்கட்டப்பட்டுவிடும். எடை சமமாக இருக்கும்படி அச்சை அமைப்பதால் தட்டைத் திருப்பப் பலமே வேண்டாம். சுவர்க் கடிகாரத்தைப்போல் ஊசலும் தொங்கும் எடையும் கொண்ட பொறியே போதும். இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. தை மாதச் சூரியன் தெற்கே இருக்கும், ஆனியில் வடக்கே போய்விடும். அதற்கேற்பத் தட்டைச் சாய்க்க வேண்டும், ஆனால் சூரியன் நகர்ந்த கோணத்தில் பாதிதான் சாய்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடியைத் திருப்பும் கோணத்தைப்போல் இரண்டு மடங்கு ஒளி திரும்பும். சாய்த்தால் மட்டும் ஒளி கூராகக் குவியாது. தட்டின் வளைவும் மாற வேண்டும். அதற்காகவே ஷெஃப்லர் அதன் சட்டத்தை இரும்புக் கம்பிகளால் வளைந்துகொடுக்கும்படி செய்திருக்கிறார். பருவத்துக்குப் பருவம் உருவம் மாறும் கண்ணாடி!

சரி, மாநகராட்சிக்கு வருவோம். திருப்பதியில் நான் தங்கிய ஒரு விடுதியின் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் தூசி படிந்து கிடந்தது, குழாயில் உப்பு அடைப்பு. அறைக்கு அறை கீசர் ஓடிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எங்கோ நிலக்கரியை எரித்து, அதில் பெரும்பகுதியைக் காற்றில் விட்டு, மிஞ்சியதைக் கம்பியில் கொண்டுவந்து ஒரு வாளித் தண்ணீரைச் சுடவைக்கிறோம். தலைக்கு மேலேயோ சும்மா கிடைக்கும் வெயில். விடியற்காலையில் வரிசையில் நிற்கப்போகும் யாத்ரீகர்களுக்கு வெந்நீர் வேண்டியதுதான். அதற்கு இந்த வழி தேவையா?

இங்கேதான் உள்ளாட்சியின் கை ஓங்கியிருக்கிறது. அதனிடம் பெரிய நிதி இல்லாமல் இருக்கலாம்; கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முத்திரை இருக்கிறது. ஸ்பெயினின் பார்சிலோனா நகராட்சி 2000-இலேயே இதைச் செய்தது: புதுக் கட்டடங்களில் வெந்நீரில் 60 சதவீதத்தைச் சூரியனே தர வேண்டும் என்று விதி போட்டது. பெங்களூரில் 2007-இல் புது மின் இணைப்புக்கு சோலார் ஹீட்டரை நிபந்தனையாக்கினார்கள்.

ஆந்திராவிலும் விதி இல்லாமல் இல்லை. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பை மாநில அரசு 2014-இல் ஏற்றது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், ஏசியும் விளக்கும் எவ்வளவு திறனுடன் இயங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆனால் காகிதத்தில் வரைந்தது கட்டடத்தில் வந்திருக்கிறதா என்று மாடி ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். நம் ஊர்களில் ஒப்புதலுக்கு வரிசை நீளம். ஏணி ஏறுபவர்கள் குறைவு.

திருப்பதி, சித்தூர் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் ஒப்புதல் பெற்ற விடுதிகள் எத்தனை, அவற்றில் இந்த விதிப்படி நேரில் சோதிக்கப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.