ஜிபேயில் 20 லட்சம் வந்தா 20 லட்சத்துக்கும் வரியா? சின்னக் கடைக்காரர்களுக்கான எளிய கணக்கு

“வருஷத்துக்கு ஜிபேயில மட்டும் 20 லட்சம் வந்திருக்கு, நோட்டீஸ் வருமா?” கடைக்காரர்கள் பலருக்கும் இந்தப் பயம் இருக்கு. 2025 ஜூலையில் பெங்களூருவில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும், சில கடைகளில் க்யூஆர் கோடையே கழற்றிவிட்டார்கள். ஆனா, வருமான வரி வேற கணக்கு. விற்பனைக்கு வரி கிடையாது, லாபத்துக்குத்தான்.

லாபத்தை எப்படிக் காட்டுவது?

பில், நோட்டு எல்லாம் வைத்துக் கணக்கு எழுத முடியாதவர்களுக்காகவே 44ஏடி என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வரலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 3 கோடி. யுபிஐ, வங்கி வழி வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் எனக் காட்டினால் போதும். நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு மளிகைக் கடையில் யுபிஐ 20 லட்சம், ரொக்கம் 10 லட்சம்னு வச்சுக்குவோம். 1.20 லட்சமும் 80 ஆயிரமும் சேர்த்து லாபம் 2 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின் 4 லட்சம் விலக்கு வரம்புக்குள் இது அடங்கிவிடும். வரி பூஜ்யம்! பார்த்தீங்களா, யுபிஐ வாங்கினால் இங்கே லாபம்தான்.

அப்போ ரிட்டர்ன் வேண்டாமா?

அவசரப்படாதீங்க. வருமானம் வரம்புக்குள் இருந்தாலும், விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினாலோ, கரன்ட் பில் வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலோ, டிடிஎஸ் 25 ஆயிரம் அல்லது அதற்கு மேல் பிடித்திருந்தாலோ தாக்கல் கட்டாயம். கட்டாயம் இல்லாதவர்களும் போடுவது நல்லது. கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது ஐடிஆர் காப்பியைத்தான்.

கவனிக்க வேண்டியவை

* படிவம் பொதுவாக ஐடிஆர்-4. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்கணும். மறந்தால் தாக்கல் செல்லாது.
* முதலில் ஏஐஎஸ் அறிக்கையைப் பாருங்க. அதில் இருக்கும் வங்கி வட்டியை விட்டுவிட்டால் கேள்வி வரும்.
* கமிஷன், புரோக்கரேஜ் வருமானத்துக்கு 44ஏடி பொருந்தாது.
* வரி 10 ஆயிரத்தைத் தொட்டால், மார்ச் 15-க்குள் முன்கூட்டியே கட்டணும்.

ஜிஎஸ்டி தனிக் கதை. தமிழ்நாட்டில் பொருள் விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு அவசியம். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரைப் பாருங்க. க்யூஆர் கோடைக் கழற்ற வேண்டாம்.