பழைய சுமோ, பொலிரோ குலுங்குதா? குறைந்த செலவில் சரிசெய்யலாம்

நாமக்கல்:

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை பாதையில் பழைய சுமோ, பொலிரோ ஓட்டுபவர்களுக்கு பெரிய தலைவலி குலுக்கல்தான். ஷாக் அப்சார்பர் போய்விட்டால் இடுப்பு வலியோடு முடியாது. டயர் ரோட்டை விட்டு எழும்பும். பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப்போய்தான் நிற்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பம்பரின் ஒரு மூலையை பலமாக அமுக்கி விட வேண்டும். வண்டி ஒருமுறை எழும்பி நின்றால் சரி. 2, 3 முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் அவுட். ஆயில் கசிவதும், டயர் திட்டுத்திட்டாக தேய்வதும் அறிகுறிகள்தான்.

பட்டையை பாருங்க

பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டிக்கு புது ஷாக் அப்சார்பர் போட்டால் பணம்தான் வீண். பாரத்தை தாங்குவது பட்டை ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எனவே முதலில் பட்டையை சரிசெய்ய வேண்டும்.

'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால் தேய்ந்த ரப்பர் புஷ் காரணமாக இருக்கலாம். அதை மாற்றினாலே போதும்.

ஜோடியாக மாற்றணும்

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் முன்பக்கம் 2, பிறகு பின்பக்கம் 2 என மாற்றலாம். ஒற்றையாக மாற்றக்கூடாது.

மலையில் ஓடும் வண்டிக்கு கேஸ் நிரப்பிய ரகம் நல்லது. தொடர்ந்து குலுங்கும்போது ஆயில் நுரைத்து பலம் குறைவதை கேஸ் கட்டுப்படுத்தும். விலை குறைவு என்று காயலான் கடை சரக்கை வாங்கி மாட்டுவது உயிருக்கே ஆபத்து.