மத்தியதரைக் கடல் சாப்பாடு: பாதி ருசி, பாதி கவலை

இப்போதெல்லாம் நம் ஊர்களிலும் ‘மெடிட்டரேனியன்’ என்று போர்டு மாட்டிய ஹோட்டல்கள் வந்துவிட்டன. மெனு கார்டைப் பிரித்தால் பாதிப் பெயர் வாயில் நுழையாது. ‘இதெல்லாம் நமக்கு ஒத்துக்கொள்ளுமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா?’ என்று கையைப் பிசைகிறோம். சர்வரைக் கேட்கவோ கூச்சம்!

மத்தியதரைக் கடல் என்பது ஒரு தேசம் இல்லை. கிரீஸ், இத்தாலி, துருக்கி, லெபனான், எகிப்து, மொராக்கோ என்று அதைச் சுற்றிப் பல தேசங்கள். தேசத்துக்கு ஒரு சமையல். நம் ஊரில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் லெபனான் பக்கத்துச் சமையல்தான். அதில் நமக்குப் புரியாத சாமான் அதிகம் கிடையாது. கொண்டைக்கடலை, எள், கத்தரிக்காய், பூண்டு, எலுமிச்சை, தயிர். எல்லாம் நம் அடுக்களையில் இருப்பவையே.

சென்ற மாதம் என் நாத்தனார் வந்திருந்தாள். ஆறு மாதம். மசக்கை தீர்ந்து, நாக்கு ருசி கேட்கிற சமயம். “அண்ணி, உங்க பேட்டையிலே புதுசா ஒரு ஹோட்டல் வந்திருக்காமே, போகலாமா?” என்றாள். மாமியார், நாங்கள் இருவர், என் மூன்று வயசுப் பையன் என்று கிளம்பினோம்.

முதலில் வந்த ஹம்மஸ் பிரமாதம். வெண்ணெய் மாதிரி வழவழவென்று, நடுவில் குழித்து ஆலிவ் எண்ணெய் விட்டிருந்தார்கள். கூடவே சுடச்சுட, உப்பிய பீட்டா ரொட்டி. சுட்ட கத்தரிக்காயில் எள் விழுது கலந்த இன்னொரு கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்த மாமியார், “இது நம்ம கத்தரிக்காய் கொத்சுக்குப் பெரியம்மா பொண்ணு மாதிரி இருக்கேடி!” என்றார். வாஸ்தவம்தான். அடுப்பில் சுட்ட அந்தப் புகை வாசனை அப்படியே இருந்தது.

அடுத்து வந்த ஃபலாஃபல்தான் ஏமாற்றம். இது அவர்கள் ஊர் மசால் வடை. கொண்டைக்கடலையை ஊற வைத்து, வேக வைக்காமல் கொத்தமல்லி, பூண்டோடு அரைத்து, எண்ணெயில் போட்டு எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். எங்களுக்கு வந்ததோ என்றோ பொரித்ததைத் திரும்பச் சுட வைத்தது. மேலே கல், உள்ளே ஜில்! தபூலே சாலட்டும் அப்படியே. பார்ஸ்லிக் கீரை நிறையவும் கோதுமை ரவை கொஞ்சமும் இருக்க வேண்டியது. இங்கே ஆறிப்போன ரவை உப்புமாவில் கீரை தூவின மாதிரி இருந்தது.

இதெல்லாம் ருசி சமாசாரம், போகட்டும். சிக்கன் விஷயம் அப்படி இல்லை. நாத்தனார் தட்டில் ஒரு துண்டைப் பிரித்தபோது நடுவே இளஞ்சிவப்பாக இருந்தது. “ஜூஸியா இருக்கும் மேடம், அது அப்படித்தான்” என்றார் சர்வர். கோழிக்கறி அப்படி இருக்கக் கூடாது, சகோதரிகளே. உள்ளே 74 டிகிரி சென்டிகிரேட் சூடு ஏற வேண்டும் என்பது கணக்கு. “பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சாப்பிடறது தம்பி, வேக வெச்சுக் கொண்டு வாங்க” என்றேன். முகத்தைச் சுளித்தாலும் எடுத்துப் போனார். பத்து நிமிஷத்தில் நன்றாக வெந்து வந்தது.

தொட்டுக்கொள்ள ஒரு வெள்ளைப் பூண்டு விழுது வைத்திருந்தார்கள். பேர் தூம். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு சேர்த்து நுரைக்க அடித்தாலே அது வரும், முட்டை வேண்டாம். வேலை சுலபமாகட்டும் என்று சில இடங்களில் பச்சை முட்டை வெள்ளைக்கருவோ மயோனைஸோ சேர்த்துவிடுகிறார்கள். கேட்டேன். “முட்டையெல்லாம் இல்லை” என்றவர், உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, “வெள்ளைக்கரு போடறாங்களாம்” என்றார். கிண்ணத்தை அந்தண்டை நகர்த்தி வைத்தேன்.

இது வீண் பயம் இல்லை. 2022 மே மாதம் காசர்கோடு பக்கம் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் நோயில் விழுந்தார்கள். ஒரு மாணவி இறந்தே போனாள். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லிலும் அப்படி ஒரு சிறுமியின் உயிர் போயிற்று. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. பச்சை முட்டையிலும் வேகாத கறியிலும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் அதிகமாகப் படுத்தும். ஃபெட்டா மாதிரி மெத்தென்ற சீஸ் வந்தால், பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆனதா என்று கர்ப்பிணிகள் கேட்டே ஆக வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையையே பாதிக்கும்.

குழந்தைக்கா? எள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது. முதல் தடவை துளி கொடுத்துப் பாருங்கள். கடைசியில் வரும் பக்லாவாவில் தேன் சேர்ப்பதுண்டு. ஒரு வயசு நிரம்பாத குழந்தை நாக்கில் அதைத் தடவக் கூடாது.

‘மெடிட்டரேனியன் சாப்பாடு இதயத்துக்கு நல்லதாமே!’ என்பீர்கள். 1958-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ் தொடங்கிய ஏழு நாட்டு ஆராய்ச்சியில் கிரீட் தீவின் கிராமத்து ஜனங்களுக்கு இதய நோய் குறைவு என்று தெரிந்தது. அவர்கள் சாப்பிட்டது கீரை, பருப்பு வகை, முழுத் தானியம், பழம், ஆலிவ் எண்ணெய், எப்போதாவது கறி. மைதா ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், பாகில் ஊறிய பக்லாவா என்று நம் மேஜைக்கு வருவதற்கு அந்தப் பெருமை சேராது.

ஹம்மஸை வீட்டிலேயே செய்யலாம். ஹோட்டலில் ஒரு கிண்ணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கே ஆகும். வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கப், ராத்திரியே ஊற வையுங்கள். சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் குக்கரில் குழைய வேக விடுங்கள். கால் கப் வெள்ளை எள்ளைச் சிவக்காமல் வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு முதலில் விழுதாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கடலை, இரண்டு பல் பூண்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு. மிக்ஸி ஓடும்போது இரண்டு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டால் வெளுத்து, பொங்கி வரும். ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் மேலே நல்லெண்ணெய் நாலு சொட்டு போதும்; அதிகமானால் எள்ளுருண்டை வாசனை வந்துவிடும். சப்பாத்திக்கும் தோசைக்கும் ஒத்துப்போகும். மிச்சத்தை மூடி ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.