மெகாபிக்சலுக்கு முன் மவுண்ட்

கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது மெகாபிக்சலைத்தான். அடுத்த பத்து வருடம் அவர் எந்த லென்ஸையெல்லாம் வாங்கலாம் என்பதை முடிவுசெய்வதோ பாடியின் முகப்பில் லென்ஸைப் பூட்டும் உலோக வளையம். அதற்கு மவுண்ட் என்று பெயர்.

1987இல் கேனான் தன் எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டு இஎஃப் என்ற புதிய மவுண்ட்டுக்கு மாறியது. பழைய லென்ஸ்களைப் புதிய பாடியில் நேரடியாக மாட்ட வழியில்லை. நிக்கான் அப்படிச் செய்யவில்லை. 1959இல் வந்த அதன் எஃப் மவுண்ட், பிலிம் போய் டிஎஸ்எல்ஆர் வந்த பிறகும் நீடித்தது.

ஆனால் மாட்ட முடிகிற லென்ஸெல்லாம் முழுதாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. நிக்கானின் 50 மி.மீ. எஃப்1.8டி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; பாடியில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற விலை குறைந்த பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் சிக்கென்று உட்காரும், படமும் எடுக்கலாம்; ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். எஃப்1.8ஜி என்று முடியும் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால், ஓடி விளையாடும் குழந்தையைப் படமெடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததும் இன்னொரு கணக்கு சேர்ந்துகொண்டது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் நிக்கான் எஃப் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ. இடைவெளி. கண்ணாடி இல்லாத இசட் மவுண்ட்டில் (2018) அது வெறும் 16 மி.மீ. மிச்சமுள்ள 30.5 மி.மீ.ஐ அடாப்டர் நிரப்பிவிட்டால் எஃப் லென்ஸ் இசட் பாடியில் சரியான தூரத்தில் நிற்கும். தலைகீழாக, இசட் லென்ஸை எஃப் பாடியில் வைத்தால் அது சென்சாரிலிருந்து மிகவும் தள்ளிப்போகும். தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது.

கேனானிலும் இதே கதைதான். இஎஃப் மவுண்ட்டுக்கு 44 மி.மீ., மிரர்லெஸ் மவுண்ட்டான ஆர்எஃப்புக்கு 20 மி.மீ.; அடாப்டருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 2012இல் வந்த இஎஃப்-எம் மவுண்ட்டுக்கோ 18 மி.மீ. அந்த 2 மி.மீ. குறைவால் இஎஃப்-எம் லென்ஸ்கள் ஆர்எஃப் பாடிக்கு ஏறவில்லை. கேனான் அந்த வரிசையை நிறுத்தியபோது, அதில் லென்ஸ் சேர்த்தவர்களுக்கு அடுத்த பாடி இல்லாமல் போயிற்று.

சென்சாரின் அளவும் லென்ஸின் குணத்தை மாற்றும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிப்பதால், நிக்கான், சோனி, ஃபூஜி ஏபிஎஸ்-சி பாடிகளில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் காட்டும். முகத்தை எடுக்க அது அருமை. சின்ன அறைக்குள் மொத்தக் குடும்பத்தையும் அடக்க வேண்டுமென்றால் சுவரில் முதுகு இடிக்கும். அங்கே 23 அல்லது 24 மி.மீ. லென்ஸ் வசதி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் பெருக்கல் இரண்டு. 300 மி.மீ. லென்ஸிலேயே 600 மி.மீ. அளவுக்குக் காட்சி நெருங்கிவிடுவதால், பளு தூக்காமல் பறவைகளை எடுக்க விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கிறது.

ஒரே மவுண்ட்டுக்குப் பல நிறுவனங்கள் லென்ஸ் செய்வது வாங்குகிறவருக்கு லாபம். சோனி இ மவுண்ட்டுக்கு சிக்மாவும் டாம்ரானும் நிறையச் செய்கின்றன. எல் மவுண்ட்டை லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018இல் கூட்டாக ஏற்றுக்கொண்டன.

கையிருப்பு குறைவென்றால் செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வாங்கி அடாப்டரில் மாட்டலாம். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் அங்கேயும் உள்ளே மோட்டார் இல்லாத 'டி' லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்குமுன் லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகப் பார்ப்பது அவசியம். ஈரக்காற்றில் கிடந்த லென்ஸாக இருந்தால் கண்ணாடிக்குள் மெல்லிய இழைகளாகப் பூஞ்சை தெரியும். அது மேற்பூச்சை அரித்திருந்தால், பிரித்துத் துடைத்தாலும் தழும்பு போகாது.