‘பட் பட்’ சத்தமா? முதலில் கசிவைத் தேடுங்கள்

ஸ்கூடாய் சாலையில் ஆக்சிலேட்டரை விட்டபோதெல்லாம் என் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் ‘பட் பட்’ என்று வெடித்தது. புதுக் குழாய் வாங்கச் சம்பளத்தில் பணம் சேர்த்தேன். பட்டறை அண்ணன்தான் தடுத்தார்: “முதல்ல கசிவு இருக்கான்னு பாரு தம்பி.”

இன்ஜின் ஆறியிருந்தபோது இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்து ஸ்டார்ட் செய்தோம். சிலிண்டரோடு குழாய் சேரும் இடத்தில் குமிழி கிளம்பியது. அங்கே கரிக்கறையும் இருந்தது. அந்த இடைவெளியில் நுழையும் காற்று, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து சூடான குழாய்க்குள் வெடிக்கிறது.

நசுங்கிய கேஸ்கெட்டை மாற்றி, 2 நட்டுகளையும் மாறி மாறி இறுக்கினோம். சத்தம் நின்றது. சேர்த்த பணமும் மிஞ்சியது.

கசிவே இல்லையென்றால் கார்புரேட்டர் கலவையைச் சோதியுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.