கலப்பின கார்களில் சக்கரம், டயர் மாற்றம்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் காரைக் கலப்பின கார் அல்லது ஹைபிரிட் கார் என்கிறோம். இத்தகைய காரில் தயாரிப்பாளர் பொருத்தி அனுப்பிய ரிம்மையும் டயரையும் கழற்றிவிட்டு, வேறு அளவிலோ வேறு வகையிலோ பொருத்துவதே இக்கட்டுரையின் பொருள். சாதாரண பெட்ரோல் காரில் இது பெரும்பாலும் தோற்றத்தையும் ஓட்டும் சுகத்தையும் பற்றிய விஷயம். கலப்பின காரில் அப்படியன்று. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மைலேஜின் ஒரு பங்கு டயரில் அடங்கியிருக்கிறது. டயரைத் தவறாக மாற்றினால் அந்தப் பங்கு கைவிட்டுப் போகும்.

வேளச்சேரியில் எழும் கேள்வி

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் இங்கே பல தெருக்களில் கார்கள் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், குடியிருப்புவாசிகள் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். அந்தப் படங்கள் நாடெங்கும் செய்தியாயின.

இப்படிப்பட்ட ஊரில் பெரிய சக்கரம் போட்டால் கார் உயரும், தண்ணீரில் தப்பிக்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய இரண்டும் 2022இல் சந்தைக்கு வந்த கலப்பின கார்கள். இரண்டிலும் டயர் அளவு 215/60 ஆர்17. இதற்குப் பதிலாக 225/55 ஆர்18 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர் கூடுகிறது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் கார் உயர்வது அதில் பாதிதான், அதாவது ஏழரை மில்லிமீட்டர். ஒரு சுண்டுவிரலின் தடிமன்கூட இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் இதனால் எந்தப் பயனும் இல்லை. மேம்பாலத்தில் நிறுத்தியவர்கள் செய்ததே சரியான தற்காப்பு.

டயர் எண்களைப் படிப்பது எப்படி

215/60 ஆர்17 96எச் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 215இல் 60 சதவீதம் 129 மி.மீ. ஆர் என்ற எழுத்து ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 96 என்பது சுமைக் குறியீடு; ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை.

இந்த எண்களிலிருந்து சக்கரத்தின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 17 அங்குலம் 431.8 மி.மீ. மேலும் கீழும் பக்கச் சுவர் இருப்பதால் 129ஐ இருமுறை கூட்டினால் 689.8 மி.மீ. வரும். இதே முறையில் 225/55 ஆர்18க்கு 704.7 மி.மீ. இரண்டுக்கும் வேறுபாடு 2.2 சதவீதம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாளில் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கைப் போடாமலேயே பலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து சக்கரம் வாங்குகிறார்கள்.

ரிம் பெரிதானால் மொத்த விட்டமும் கூட வேண்டும் என்பதில்லை. தயாரிப்பாளர்கள் பெரிய ரிம்முக்குப் பக்கச் சுவர் குறைந்த டயரைத் தந்து, விட்டத்தை ஏறத்தாழ அப்படியே வைத்திருப்பார்கள். இன்னோவா ஹைகிராஸ் காரின் 16 அங்குல ரிம்மில் 205/65 டயரும், உச்ச வகையின் 18 அங்குல ரிம்மில் 225/50 டயரும் வருகின்றன. விட்ட வேறுபாடு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

மைலேஜ் எங்கே போகிறது

டயர் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இதுவே உருளல் தடை. டயர்களின் உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கலப்பின கார்களுக்குப் பெரும்பாலும் உருளல் தடை குறைந்த டயர்களையே தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே அளவில் விலை மலிவான வேறு டயர் போட்டாலே மைலேஜ் இறங்கலாம். ரிம்மை மாற்றவே வேண்டாம்.

ரிம் அளவும் சேர்ந்து மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று டொயோட்டா பிரியஸ். 2023 மாடல் பிரியஸ் அமெரிக்காவில் இரண்டு சக்கர அளவுகளில் விற்கப்பட்டது. 195/60 ஆர்17 டயர் கொண்ட அடிப்படை வகைக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த மதிப்பு கேலனுக்கு 57 மைல். 195/50 ஆர்19 டயர் கொண்ட உயர்வகைக்கு 52 மைல். முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களின் மதிப்புகள் இவை. எஞ்சின் ஒன்றே, மோட்டார் ஒன்றே, டயரின் அகலமும் ஒன்றே. உயர்வகையில் வசதிகளும் எடையும் சற்றுக் கூடுதல் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், சக்கரத்தின் பங்கு சிறிதன்று.

நம் கணக்கில் இது லிட்டருக்கு 24.2 கி.மீ.யும் 22.1 கி.மீ.யும் ஆகும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 47 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,700 ரூபாய். ஐந்தாண்டில் 23,000 ரூபாயைத் தாண்டிவிடும். இது சக்கரம் வாங்கிய செலவுக்கு மேல்.

எடையையும் கவனிக்க வேண்டும். ரிம் பெரிதாகும்போது பெரும்பாலும் எடை கூடுகிறது. அந்த எடை சக்கரத்தின் விளிம்பை நோக்கி நகர்வதால், சுழல வைக்கக் கூடுதல் விசை தேவை. விஜயநகர் சந்திப்பில் நெரிசல் நேரத்தில் ஊர்ந்து செல்லும் கலப்பின கார் பெரும்பாலும் மோட்டாரிலேயே நகரும். அங்கேதான் அதன் பெருமை. சக்கரம் கனமானால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் மோட்டாருக்குச் சுமை கூடி, எஞ்சின் சீக்கிரமே விழித்துக்கொள்ளும். பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தருவது உண்மையே. ஆனால் கொடுத்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

மாற்றிய பிறகு மைலேஜை ஒப்பிடுபவர்கள் ஒரு பிழை செய்வதுண்டு. விட்டம் 2.2 சதவீதம் கூடிய சக்கரத்தில் ஓடோமீட்டர் 1,000 கி.மீ. காட்டும்போது கார் உண்மையில் ஏறத்தாழ 1,022 கி.மீ. ஓடியிருக்கும். எனவே மைலேஜ் உண்மையில் இறங்கியதைவிட அதிகமாக இறங்கியதுபோல் தோன்றும். வேகமானி 80 காட்டும்போது உண்மை வேகம் கணக்குப்படி 82ஐ நெருங்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கேமரா இதற்குச் சலுகை தராது.

ஈரச் சாலையும் பிரேக்கும்

கடைக்காரர்கள் பரிந்துரைக்கும் அளவுகளில் விட்டம் கச்சிதமாகப் பொருந்துவனவும் உண்டு. 215/60 ஆர்17க்குப் பதில் 235/50 ஆர்18 போட்டால் விட்டம் 692 மி.மீ. வேகமானி குழம்பாது. ஆனால் டயர் 20 மி.மீ. அகலமாகிறது, பக்கச் சுவர் 129இலிருந்து 117.5 மி.மீ. ஆகக் குறைகிறது. தேங்கிய நீரில் வேகமாகச் செல்லும்போது அகலமான டயர் நீரைப் பிளந்து தரையைப் பிடிக்கச் சிரமப்பட்டு, நீரின் மேலே மிதக்கும் வாய்ப்பு அதிகம். பக்கச் சுவர் குறைந்தால், தண்ணீருக்கடியில் தெரியாத பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராக ரிம்முக்குப் போகும். அலாய் ரிம் கீறும், சில சமயம் வெடிக்கும். மழைக்காலத்தில் சென்னையின் உட்தெருக்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கலப்பின காரில் மோட்டார் வழியான பிரேக் இயங்கும் சக்கரங்களில் மட்டுமே செயல்படும். முன்சக்கர இயக்கம் கொண்ட காரில் அவை முன்சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் ஏபிஎஸ் உணரிகள் அளந்துகொண்டே இருக்கும். சறுக்கல் தெரிந்தால் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னாக்கத்தைக் குறைத்து, சாதாரண உராய்வு பிரேக்குக்கு வேலையை மாற்றும். மெக்கானிக்குகள் பட்டன் என்று சொல்லும் மேல்வரி முன்டயர்களில் தேய்ந்துபோனால் பாதுகாப்பு குறையும். முன்னால் ஓரளவு, பின்னால் வேறளவு என்று கலந்து போடுவது இந்த உணரிகளைக் குழப்பும். சில கார்களில் காற்று குறைந்ததை எச்சரிக்கும் அமைப்பும் இதே உணரிகளை நம்பியே இயங்குகிறது. வேறு சிலவற்றில் வால்வுடன் இணைந்த தனி உணரி இருக்கும். அங்கே புது ரிம் போடும்போது பழைய உணரியை எடுத்து மாட்ட மறந்தால் எச்சரிக்கை விளக்கு அணையாது.

உருளல் தடை, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் வரம்பு விதிக்கும் ஏஐஎஸ் 142 தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் அறிவித்தது. டயர் வாங்கும்போது விலையோடு இம்மூன்றையும் விசாரிப்பது நல்லது.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இப்பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தகராறுக்கு இடம் தரும். அதே மாடலின் வேறொரு வகைக்குத் தயாரிப்பாளரே தரும் அளவைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் குறைவு. அப்போதும் பிரேக் அமைப்பு ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொருத்தும்போது

சென்னையில் அலாய் சக்கரங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும், பழைய உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. எங்கே வாங்கினாலும் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, ரிம் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்பவை பழைய ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ரிம் என்றால் வெல்டிங் செய்த தழும்பு உள்பக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது அவசியம். சுமைக் குறியீடு ஒருபோதும் குறையக் கூடாது. மின்கலமும் மோட்டாரும் இருப்பதால் கலப்பின கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமானது.

பலர் கவனிக்காதது சக்கர நட்டு. ஹோண்டா கார்களின் அசல் நட்டின் அடிப்பகுதி கோளவடிவம் கொண்டது. வெளிக்கடை அலாய் ரிம்கள் பெரும்பாலும் கூம்புவடிவ நட்டுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டையும் மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகியதுபோல் தோன்றும், ஓட்டத்தில் தளரும்.

ஜாக்கி வைக்கும் முன் காரின் மின்சக்தியை முழுவதும் அணைக்க வேண்டும். கலப்பின கார் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து அணைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இயக்கத்துக்குத் தயாரான நிலையில் விட்டிருந்தால், மின்கலத்தில் மின்னூட்டம் குறையும்போது எஞ்சின் தானே கிளம்பும். அடிப்பகுதியில் தெரியும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் செல்பவை. ஜாக்கி அவற்றின்மேல் படக் கூடாது.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அந்த அட்டவணை அசல் அளவுக்கானது என்பதால் புது அளவுக்கு டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது குறைவாக இருக்கும். நைட்ரஜன்தான் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பொருத்திய பின் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்து, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை முறுக்குவிசைக் குறட்டால் மீண்டும் ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.